மலைக்குளிரில் கோய் குளம்: ஃபில்டர் போடும் முன்

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டுத் தோட்டத்தில் கோய் (வண்ண அலங்கார மீன்) குளம் கட்ட வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, "தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்குமா?" இருக்கும். ஆனால் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. தெளிந்த தண்ணீரிலும் மீன் சாகும்.

கோய் மீன் செவுள் வழியே அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது ஃபில்டருக்குள் வளரும் பாக்டீரியாக்கள். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் அவை மிகவும் மந்தமாகிவிடும். சமவெளிக்குப் போட்ட கணக்கு இங்கே பத்தாது. ஃபில்டரில் இந்த பாக்டீரியா வளரும் பயோ அறையை இன்னும் பெரிதாகக் கட்டச் சொல்வேன். புதுக் குளத்தை மார்ச், ஏப்ரலில் தொடங்கினால் பனிக்காலத்துக்குள் பாக்டீரியா நன்றாகப் பெருகிவிடும். 10 டிகிரிக்குக் கீழே தீனி போடாதீர்கள். மீனுக்கும் அப்போது செரிக்காது.

அமைப்பு எளிமையானதுதான். அடித்தளத்தில் 4 அங்குலக் குழாய், கழிவு படியும் தொட்டி, மிச்சக் கழிவைப் பிடிக்கும் பிரஷ், பயோ அறை, கடைசியில் பம்ப். பம்ப்பை முன்னால் வைத்தால் கழிவைக் கூழாக்கி அனுப்பிவிடும், அப்புறம் வடிகட்டுவது சிரமம். 10,000 லிட்டர் குளத்துக்கு மணிக்கு 5,000 லிட்டராவது சுற்ற வேண்டும். தண்ணீரை ஏற்றும் உயரத்தில் பம்ப் எவ்வளவு தரும் என்று பார்த்து வாங்குங்கள்.

பலர் கவனிக்காத விஷயம் தண்ணீரின் காரத்தன்மை. மலை ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. பாக்டீரியா 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது சுமார் 7 கிராம் காரத்தன்மை செலவாகிறது. அது தீர்ந்தால் பிஎச் சரிந்து, எவ்வளவு விலை கொடுத்த ஃபில்டரும் வேலை நின்றுபோகும். வாரம் ஒருமுறை சோதனைக் கிட்டில் பாருங்கள். குறைந்தால் ஆப்ப சோடா போதும்: 1,000 லிட்டருக்கு 84 கிராம் போட்டால் காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராம் கூடும். மொத்தமாகக் கொட்டாமல் சில நாட்களாகப் பிரித்துப் போடுங்கள். ஃபில்டரில் சிப்பி ஓடு ஒரு பை வைப்பதும் நல்லது.

தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே வீடு இருந்தால் குளத்தின் விளிம்பைத் தரைக்கு மேல் உயர்த்தியே கட்டுங்கள். மழைக்காலத்தில் தேயிலை இலையில் வரும் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து அடிப்பார்கள். மென்மையான தண்ணீரில் தாமிரம் மீனுக்கு இன்னும் கொடிய விஷம். ஃபில்டர் இதை எடுக்காது. மேட்டிலிருந்து வரும் மழைநீரைத் தனி வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட வேண்டும்.

மழைக்காற்றில் கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று தயாராக இருக்கட்டும். பல மணி நேரம் நின்ற ஃபில்டரில் தண்ணீர் கெட்டிருக்கும். அதை வெளியே வடித்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். வழிந்தோடும் குழாய்க்கு வலை கட்டாயம். கோயும் கெண்டை இனம்தான். ஓடையில் இறங்கினால் சேற்றைக் கிளறி அங்குள்ள சிறு மீன்களின் வாழிடத்தைக் கெடுத்துவிடும்.