பாயில் ஏறிய நீலம்

அம்மாவின் பன்பாயில் இரண்டு நீல வட்டங்கள், ஒவ்வொன்றும் சோற்றுக் கோப்பை அளவு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் தம்பியின் கூட்டாளிகள் மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுவார்கள். அன்றைக்கு ஒருவன் புது டெனிமோடு வந்து பாயில் சம்மணம் கொட்டியிருந்து, இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறான். அம்மா ஈரத்துணியால் துடைத்தா, சவர்க்காரம் போட்டா, தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தும் பார்த்தா. வட்டம் மங்கியது, ஆனால் போகவில்லை. "என்ன கா மனே இது? இருக்கிற பாய்க்கு ஆர் சாயம் போட்டது?"

எங்கள் பக்கத்தில் ஜீன்ஸ் என்பதைவிட டெனிம் என்றுதான் சொல்வது. துணியின் பேரே உடுப்புக்கும் பேராகிவிட்டது. இந்தப் பொடியன்களுக்கு அது உடுப்பையும் தாண்டி ஒரு பைத்தியம். ஒரு முறையும் தோய்க்காத, பலகை போல விறைத்து நிற்கும் டெனிமைத் தேடி வாங்குவார்கள். மாதக் கணக்கில் தோய்க்காமல் உடுப்பார்கள். பிறகு விறாந்தையில் காலை நீட்டி, யாருடைய முழங்கால் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று ஒப்பிடுவார்கள். தோய்க்காத உடுப்போடு வீட்டுக்குள் நடமாடுவதை அம்மாவால் தாங்க முடியாது. ஆனால் இரசாயனம் படிப்பிக்கிற எனக்கு ஒரு விஷயம் பிடித்திருந்தது. பாயில் இருக்கும் வட்டமும் முழங்காலில் இருக்கும் வெளுப்பும் ஒரே காரணத்தால் வந்தவை: இண்டிகோ என்ற அந்த நீலம் பருத்தியோடு ஒழுங்காக ஒட்டுவதே இல்லை.

சாயம் என்றாலே நூலைப் பிடித்துக்கொள்வது என்று நினைக்கிறோம். பல சாயங்கள் அப்படித்தான். 1956இல் சந்தைக்கு வந்த தாக்கச் சாயங்கள் பருத்தியின் செலுலோசோடு வலுவான இரசாயனப் பிணைப்பே போட்டுக்கொள்ளும். தேய்த்தாலும் தோய்த்தாலும் லேசில் விடாது. இண்டிகோ அந்த வகை இல்லை. அது தண்ணீரில் கரையாத ஒரு பொடி. கரையாத ஒன்றை நூலுக்குள் எப்படி ஏற்றுவது?

இதைக் காட்டித் தருகிறேன் என்று மருதமுனைப் பொடியன் ஒரு நாள் எங்கள் கிணற்றடிக்கே ஒரு வாளியைக் கொண்டுவந்தான். அவனுடைய மூத்தவாப்பா நெசவுக்காரர். நீலப் பொடி, கோஸ்டிக் சோடா, ஒட்சிசனைப் பிடுங்கியெடுக்கும் சோடியம் டைதயனைட் என்று மூன்றையும் வெந்நீரில் கலந்தான். (கோஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும். கையுறை போடாமல் வாளிக்குக் கிட்ட வரக்கூடாது என்று நான்தான் சத்தம் போட்டேன்.) கொஞ்ச நேரத்தில் நீலம் காணாமல் போனது. குளத்துப் பாசியைப் போல மஞ்சளும் பச்சையும் கலந்த தண்ணீர், மேலே செம்பு நிறத்தில் மினுங்கும் ஓர் ஆடை. பழைய வேட்டித் துண்டு ஒன்றை முக்கி எடுத்தான். வாளியிலிருந்து வரும்போது அது மஞ்சள் பச்சை. கொடியில் போட்டதும் ஓரங்களில் நீலம் தொடங்கி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே நடுவுக்குப் பரவியது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சமையலறை வாசலில் நின்று பார்த்த அம்மா, "பேய் வேலை" என்றா.

பேய் இல்லை, ஒட்சிசன். வாளிக்குள் இண்டிகோ ஒடுக்கமடைந்து (ஒட்சியேற்றத்துக்கு நேர்மாறான மாற்றம் அது) கரையக்கூடிய வேறு வடிவத்துக்கு மாறுகிறது. அந்த வடிவத்தில்தான் அது நூலுக்குள் போகும். காற்றுப் பட்டதும் பழையபடி கரையாத நீலமாகி, போன இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். கதவு திறந்திருந்த நேரம் உள்ளே போனவன் பூட்டிய பிறகு வெளியே வர முடியாமல் நிற்பது போல. இந்தக் கூத்தைப் பழைய காலத்துச் சாயக்காரர்கள் இரசாயனம் இல்லாமலே செய்தார்கள். அவுரி இலையிலிருந்து எடுத்த நீலத்தைச் சுண்ணாம்போடும் தகரை விதையோடும் தொட்டியில் புளிக்க வைத்தால், பக்டீரியா ஒட்சிசனைத் தின்றுவிடும். நரைக்கு அவுரிப் பொடி குழைத்துப் பூசுகிறவர்கள், முதல் நாள் பச்சையடித்த தலை அடுத்த நாள் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே காற்றின் வேலைதான்.

இண்டிகோவின் கட்டமைப்பைக் கண்டறிந்தவர் ஜெர்மனியின் அடோல்ஃப் ஃபொன் பேயர். 1905இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். 1897இலேயே அங்குள்ள பி.ஏ.எஸ்.எஃப். (BASF) நிறுவனம் செயற்கை இண்டிகோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதோடு அவுரித் தோட்டங்களின் காலம் முடிந்தது. இன்றைக்கு எந்தச் சாதாரண டெனிமை வெட்டினாலும் உள்ளிருப்பது தொழிற்சாலை நீலம்தான்.

சரி, நூலுக்குள் போனது எவ்வளவு தூரம் போனது? அங்கேதான் டெனிமின் முழு விளையாட்டும் இருக்கிறது. கரைந்த நிலையிலும் இண்டிகோவுக்குப் பருத்தி மேல் பெரிய நாட்டமில்லை. ஒரு முக்கில் கொஞ்சம்தான் ஏறும். அதனால் ஆலைகளில் நூலை முக்கி, காற்றில் காய விட்டு, திரும்ப முக்கி என்று பல தடவை செய்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நீலம் வெளிப்புறத்திலேயே படை படையாகச் சேருகிறது. நடு வெள்ளையாகவே இருந்துவிடுகிறது. டெனிம் நூலைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், வெட்டிய கத்தரிக்காய்தான்: தோல் கருநீலம், உள்ளே வெள்ளை.

இனி அந்தக் கத்தரிக்காயைத் தேயுங்கள். தோல் போன இடத்தில் வெள்ளை தெரியும். முழங்கால், பேர்ஸ் வைக்கும் பொக்கெட், தொடையில் விழும் மடிப்பின் முகடு எல்லாம் இப்படித்தான் வெளுக்கின்றன. மடிப்பின் பள்ளத்தில் உரசல் இல்லை, அங்கே நீலம் அப்படியே நிற்கும். அதனால்தான் ஒவ்வொருவனுடைய டெனிமும் அவனவன் இருப்பைக் காட்டிக்கொடுக்கிறது. தம்பி நாள் முழுக்க மோட்டார் சைக்கிளில். அவனுக்கு உள்தொடையில் டாங்கி உரசிய இடம் வெளுத்திருக்கிறது. அக்கரைப்பற்றுப் பொடியன் கடையில் ஸ்டூலில் இருந்து கணக்கெழுதுகிறவன்; அவனுக்கு முழங்காலின் பின்பக்கம் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக விழுந்திருக்கிறது. உரசி உதிர்ந்த நீலம் எங்கேயாவது போகத்தானே வேண்டும். ஒரு பங்கு எங்கள் பாய்க்குப் போனது.

பாய்கூடப் பரவாயில்லை. முன்னறை சோபாவின் வெள்ளை ரெக்சினில் பட்ட நீலம் போகவே போகாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரெக்சினை மெதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பசையான பொருள், சாயத்தை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிடும். பிறகு அது கறை இல்லை, ரெக்சினின் நிறம்.

நெசவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை மருதமுனைப் பொடியன்தான் விரலால் காட்டினான். டெனிமில் பாவு நூலுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, மட்டும்தான் நீலம். குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. சாதாரண நெசவில் பாவு ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே போகும். டெனிமில் மூன்று ஊடைக்கு மேலே ஏறி, ஒன்றுக்குக் கீழே இறங்கும். ஒவ்வொரு வரியிலும் அந்த இறக்கம் ஓர் இழை தள்ளி வருவதால் துணியில் சாய்கோடு விழுகிறது. முன்பக்கம் நீலமும் பின்பக்கம் வெள்ளையுமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். அப்புறம் கால் மடிப்பைத் திருப்பி, உள்ளே தெரியும் பிரியாத ஓரத்தைக் காட்டினான். செல்வெஜ் என்று சொல்லி இவர்கள் கூடுதல் காசு கொடுப்பது அதற்குத்தான். ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா அங்குமிங்கும் ஓடும் பழைய தறியில் ஊடை அறுபடாமல் திரும்பி வருவதால் ஓரம் தானாகவே மூடிக்கொள்ளும். "எங்கட மருதமுனைச் சாரத்தில எல்லாம் இது இருக்கு அக்கா. அதுக்கு ஒருத்தனும் கூடக் காசு தாறதில்ல" என்றான்.

தோய்க்காமல் வைத்திருப்பது ஏன் என்பதும் இதே கதைதான். தண்ணீர் இண்டிகோவைக் கரைக்காது. ஆனால் நனைந்த பருத்தி இழை ஊதும், நூல் இளகும், கையால் கசக்கும்போது உடுப்பு முழுதும் ஒரே மாதிரி உரசுப்படும். நீலம் எல்லா இடத்திலும் சமமாகக் குறைந்தால் மடிப்புக்கும் முகட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். இவர்களுக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான். தோய்க்காத டெனிமின் விறைப்பும் மடிப்பு ஒரே இடத்தில் விழ உதவுகிறது. அந்த விறைப்பு வேறொன்றுமில்லை, கஞ்சி. தறியில் அறாமலிருக்கப் பாவுக்குப் போட்ட கஞ்சியை ஆலையில் கழுவாமல் விட்டிருக்கிறார்கள். அப்பாவின் வெள்ளை வேட்டிக்கு அம்மா போடும் அதே சமாச்சாரம்.

சுருங்குவதும் இழை ஊதுவதால்தான். ஊடை நூல் ஊதித் தடித்தால், அதைச் சுற்றி ஏறி இறங்கும் பாவு நூலுக்குக் கூடுதல் தூரம் தேவை. நூல் நீளாதே, துணிதான் குறுகும். பழைய நூல்கயிற்றுக் கொடி மழையில் நனைந்து விண்ணென்று இறுகுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. நைலோன் கொடி வந்த பிறகு அந்தக் காட்சியும் போய்விட்டது. ஆலையிலேயே துணியை முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறையை அமெரிக்காவின் சான்ஃபர்ட் குளூயெட் 1930களுக்குச் சற்று முன்னே உருவாக்கினார். அப்படிச் செய்யாத டெனிமை அளவாக வாங்கி, கிணற்றுத் தண்ணீரில் ஊறப் போட்டு, அடுத்த நாள் இடுப்பு ஏறாமல் தவித்த ஒருவன் இந்தக் கூட்டத்தில் இருக்கிறான். இப்போது அதைத் தம்பி உடுக்கிறான்.

அம்மா தன் பங்குக்குச் சாயம் நிற்கட்டும் என்று ஒரு டெனிமை உப்பிலும், இன்னொன்றை வினாகிரியிலும் ஊறப் போட்டா. இரண்டும் வீண். உப்பு சில சாயங்களை ஏற்றும்போது உதவும். வினாகிரி போன்ற அமிலம் பட்டு, கம்பளிக்கான சாயத்துக்கு உதவும். ஏற்கெனவே கரையாத பொடியாகச் சிக்கியிருக்கும் இண்டிகோவை இரண்டும் ஒன்றும் செய்யா. பொடியன்களின் வைத்தியமும் இதைவிடத் திறமில்லை. கிருமி செத்துவிடும் என்று டெனிமைப் பையில் சுற்றி ஃபிரீசரில், சூடை மீனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வீட்டு ஃபிரீசரின் குளிரில் பெரும்பாலான பக்டீரியா உறங்கும், சாகாது. உடம்புச் சூடு பட்டதும் எழும்பிவிடும். கூடுதலாகக் கிடைத்தது மீன் மணம்.

தோய்க்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்பதற்குத் தம்பி ஒரு கனடா ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவான். அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் 15 மாதம் தோய்க்காமல் உடுத்த டெனிமில் இருந்த பக்டீரியா அளவும், தோய்த்து 13 நாள் உடுத்த பிறகு இருந்த அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. 2011இல் வெளிவந்த செய்தி அது. சரிதான். ஆனால் அல்பேர்ட்டாவின் காற்று காய்ந்த காற்று. இங்கே காய்ந்த கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். மாரியில் வாடைக் காற்றோடு மழை தொடங்கினால், கஞ்சி போட்ட வேட்டியே அலுமாரிக்குள் கரும்புள்ளி விடும். பூஞ்சணத்துக்குக் கஞ்சி சாப்பாடு, ஈரம் தண்ணீர். தோய்க்காத டெனிமில் இரண்டும் இருக்கின்றன. போன மாரியில் அக்கரைப்பற்றுப் பொடியனின் ஒன்பது மாத டெனிம் இடுப்புப் பட்டி முழுக்கப் புள்ளி விழுந்து நாறியது.

அதற்குப் பிறகு வீட்டில் ஓர் ஒப்பந்தம். ஐப்பசி பிறக்க முன் எல்லா டெனிமும் ஒருக்கா தண்ணீர் காணும். உட்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், கல்லில் அடிக்காமல், நிழலில் காய விடுவது. வெயிலும் இண்டிகோ மூலக்கூறைச் சிதைத்து மஞ்சளடிக்க வைக்கும் என்பதால் நிழல். புது டெனிமோடு வருகிறவனுக்குப் பாய் இல்லை; விறாந்தைச் சீமெந்துதான்.

இந்த முறை முதல் வாளித் தண்ணீரைக் கொட்ட வேண்டாம் என்று சொல்லி, கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டேன். பின்னேரம் மை கரைத்த மாதிரி இருந்தது. விடிய அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. மேலே தண்ணீர் தெளிந்து, வாளியின் அடி தெரிந்தது. அடியில் ஒரு விரல் தொட்டெடுக்கும் அளவுக்கு நீலத் தூசும் பஞ்சும் படிந்து கிடந்தன.