பொசெஷன்: உடைமையா, கைவசமா?

போதைப்பொருள் வழக்குகளில் ஆங்கிலத்தில் ‘பொசெஷன்’ என வழங்கும் சொல்லைச் சட்டத் தமிழ் பெரும்பாலும் ‘உடைமை’ என்கிறது. செய்தித்தாள்கள் ‘வைத்திருந்தார்’ என்றோ ‘பதுக்கி வைத்திருந்தார்’ என்றோ எழுதுகின்றன. ஒருவரை இருபது ஆண்டுகள் வரை சிறையில் வைக்க இடந்தரும் சொல் என்பதால், இதில் பொருள் மயக்கம் இருக்கக் கூடாது.

அதிகாரம் உடையவர் என்னும் சொல்லும் அமர்தல் என்னும் சொல்லும் இணைந்து பிறந்த இலத்தீன் வினையே இதன் மூலம். ஒன்றின் மீது ஆளுகையோடு அமர்ந்திருத்தல் என்பது அதன் முதற்பொருள். பொருளின் மீதான புறக் கட்டுப்பாடு (கார்ப்பஸ்), அதை வைத்திருக்கும் எண்ணம் (அனிமஸ்) ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் பொசெஷன் என்று உரோமானியச் சட்டம் கொண்டது.

இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் இச்சொல்லுக்கு வரையறை தரவில்லை. அந்த இடத்தை நீதிமன்றங்களே நிரப்பின. ராஜஸ்தானில் நீதிமன்றப் பொருள் காப்பறையிலிருந்து அபின் திருடிய ஒருவர், திருட்டு அச்சட்டம் நடைமுறைக்கு வந்த 14 நவம்பர் 1985க்கு முன்பே நடந்ததால் அது தமக்குப் பொருந்தாது என வாதிட்டார். அவர் காட்டிய இடத்தில் புதைத்து வைக்கப்பட்டிருந்த அபின் மீட்கப்பட்டது சட்டம் வந்த பிறகு. கையில் இல்லாவிட்டாலும் இருக்கும் இடத்தை அறிந்து தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்ததால், அது அவரிடம் தொடர்ந்து இருந்ததாகவே பொருள்படும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருள் அருகில் கிடந்தது என்பது மட்டும் போதாது. அது அங்கே இருப்பதை அறிந்திருக்கவும் வேண்டும். இதையே வழக்கறிஞர்கள் ‘கான்ஷியஸ் பொசெஷன்’ என்கிறார்கள்.

அந்த அறிவை மெய்ப்பிப்பது யார் பொறுப்பு என்பதுதான் இச்சட்டத்தின் கடுமையான பகுதி. 35ஆம் பிரிவு குற்ற மனநிலை இருந்ததாகவே அனுமானிக்கிறது. 54ஆம் பிரிவு, தம்மிடமிருந்த பொருளுக்குத் தக்க விளக்கம் தராதவர் குற்றம் செய்ததாக அனுமானிக்க இடந்தருகிறது. எனினும் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் ஐயந்திரிபற நிறுவிய பின்னரே சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது திரும்பும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்த வரிசை மிக முக்கியமானது. இது பிறழ்ந்தால் வாடகைக் காரில் உடன் சென்றவர்கூட அதிலிருந்த பைக்குப் பொறுப்பாளியாகிவிடுவார்.

தண்டனை அளவைப் பொறுத்தது. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு; ஹெராயினுக்கு இவை 5 கிராம், 250 கிராம். சிறிய அளவுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை.

இனி, தகுந்த தமிழ்ச் சொல். ‘உடைமை’ இங்கே முழுமையாகப் பொருந்தவில்லை. அன்புடைமை, அறிவுடைமை எனக் குறள் அதிகாரப் பெயர்களில் வருவதுபோல அது ஒருவருக்கு உரியதாக ஆகிவிட்டதைக் குறிக்கிறது. இக்குற்றத்துக்கோ உரிமை தேவையில்லை, பிறர் பொருளைச் சுமந்து செல்பவரும் இதற்கு ஆளாவார். ‘பதுக்கி’ என்பது மறைக்கும் நோக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது; சட்டைப் பையில் இருந்ததற்கும் அதையே எழுதுவது சரியன்று. ‘கைவசம்’ பொருத்தமான சொல். அதிலுள்ள ‘வசம்’ வடசொல்லானாலும் கட்டுப்பாடு என்னும் பொருளோடு தமிழில் ஊறிவிட்டது. கான்ஷியஸ் பொசெஷனை ‘அறிந்தே கைவசம் வைத்திருத்தல்’ எனலாம். கைதுச் செய்தியை ‘கஞ்சா கைவசம் வைத்திருந்ததாக ஒருவர் கைது’ என்று எழுதினால், ‘ஆக’ என்னும் ஈறு அது இன்னும் மெய்ப்பிக்கப்படாத குற்றச்சாட்டே என்பதையும் சேர்த்துச் சொல்லும்.