மீன் பண்ணைக் கழிவை மட்கு உரமாக்குதல்: ஐரோப்பிய ஒன்றிய விதி சொல்வது என்ன?

செத்து மிதக்கும் மீன், மீனைச் சுத்தம் செய்யுமிடத்தில் சேரும் தலையும் குடலும், தொட்டியின் அடியில் படியும் கசடு ஆகிய மூன்றும் ஒரே பண்ணையின் கழிவுதான் என்றாலும், 2011 மார்ச் 4 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் விலங்குக் கழிவுப்பொருள் ஒழுங்குவிதி (1069/2009) அவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை.

தொற்றுநோய் அறிகுறி இல்லாத மீனின் கழிவு, ஆபத்து மிகக் குறைந்த மூன்றாம் வகையில் அடங்கும். அறுவடைக்கு முன்பே பண்ணையில் செத்த மீன் பொதுவாக இரண்டாம் வகை. செத்த மீன் ஒரு கூடை மூன்றாம் வகைக் குவியலில் விழுந்துவிட்டால் குவியல் முழுவதும் இரண்டாம் வகையாகிவிடும். ஆகவே தனித்தனியாகச் சேர்த்து வைப்பதில்தான் பண்ணையாளர் முதலில் கவனம் செலுத்த வேண்டும். இரண்டாம் வகைப் பொருளை மட்கவைக்குமுன் 133 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 3 பார் அழுத்தத்திலும் 20 நிமிடம் அவிக்க வேண்டும் என்பது பொது விதி. நீர்வாழ் உயிரினக் கழிவுக்கு மட்டும், இந்த நிபந்தனையைக் குறிப்பிடாமலேயே மட்கவைக்கச் சட்டம் இடமளிக்கிறது.

உரக்கூடம் அரசின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். மூன்றாம் வகைக் கழிவை 12 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக அரைத்து, மூடிய கலனில் 70 டிகிரி வெப்பத்தில் இடைவிடாமல் 60 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். முள்ளும் தலையும் பெரிதாக இருந்தால் வெப்பம் நடுப்பகுதிவரை எட்டாது என்பதே இந்த அளவுக்குக் காரணம். மீனில் நைட்ரஜன் மிகுதி என்பதால், மரத்தூளோ வைக்கோலோ போதிய அளவு கலக்காவிட்டால் அது அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். நாற்றம் வீசினால், உரத்தின் சத்துதான் வெளியேறுகிறது என்று பொருள்.

கசடின் நிலை சற்று விசித்திரமானது. மீன் உண்ட தீவனத்திலிருந்து வெளியேறும் நைட்ரஜனில் பெரும்பகுதி செவுள் வழியாக நீரில் கரைந்துவிட, உடலில் சேராத பாஸ்பரசில் பெரும்பகுதி கசடில்தான் தங்குகிறது. ஆயினும் இவ்விதி, ‘எரு’ என்ற சொல்லை வரையறுக்கும்போதே வளர்ப்பு மீனின் கழிவை வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. ஆகவே, மாட்டுச் சாணத்தைப் பதப்படுத்தாமல் நிலத்தில் இடுவதற்கு உள்ள சலுகையை மீன் கசடுக்குக் கோர முடியாது. மீட்கத்தக்க பாஸ்பரஸ் இருக்குமிடத்திலேயே இந்தத் தடை அமைந்திருப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை.

தயாரான உரத்தின் மாதிரியில் 25 கிராமில் சால்மோனெல்லா கிருமி இருக்கவே கூடாது. விலங்குக் கழிவிலிருந்து பெற்ற அந்த உரத்தை இட்ட நிலத்தில், குறைந்தது 21 நாள் கழியும்வரை கால்நடைகளை மேயவிடவோ தீவனப்புல் அறுக்கவோ கூடாது.