படப்புத்தகத்தை மூடிய பிறகு

கதை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "கரடி ஏன் அழுதது? இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்பது மழலையர் வகுப்புகளில் ஊறிப்போன பழக்கம். வீட்டிலும் அப்படித்தான். கேட்ட மாத்திரத்தில் குழந்தையின் முகம் மாறிவிடுகிறது. அதுவரை கரடியோடு குகைக்குள் இருந்தவள், இப்போது தேர்வு எழுத உட்கார்ந்தவள் போல ஆகிவிடுகிறாள். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தை, கதை புரிந்ததை வாயால் சொல்வதைவிட உடம்பால்தான் நன்றாகச் சொல்லும். மேசைக்கடியில் சுருண்டு படுத்து, "நான் கரடி, தூங்குறேன், எழுப்பாதே" என்கிற குழந்தை விடையைச் சொல்லியாகிவிட்டது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

அந்த மேசைக்கடி வரை குழந்தை போவதும் போகாததும் நாம் வாசிக்கும் விதத்தில் இருக்கிறது.

முதலில் வயது. 1998இல் வெளியான ஒரு சோதனையில், 9 மாதக் குழந்தைகள் படத்தில் இருந்த பொருளைக் கையால் தடவி, பிடித்து எடுக்கப் பார்த்தார்கள். 19 மாதக் குழந்தைகள் விரலால் சுட்டிக்காட்டினார்கள். படம் என்பது பொருள் அல்ல, பொருளைக் குறிப்பது என்ற அறிவு இந்த இடைவெளியில்தான் வருகிறது. ஆகவே ஒரு வயதுக் குழந்தை புத்தகத்தைக் கடிக்கிறது, பிறாண்டுகிறது என்று பிடுங்கி வைக்காதீர்கள். கெட்டி அட்டைப் புத்தகமாக, பக்கத்துக்கு ஒரு பெரிய படமாகக் கொடுங்கள். கதையுள்ள படப்புத்தகம் மூன்று வயதையொட்டி நன்றாகப் பிடிபடும். அவை பெரும்பாலும் 32 பக்கம். நிதானமாக வாசித்தாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான்.

நாலைந்து குழந்தைகள் போதும். இருபது பேரை வரிசையாக உட்காரவைத்தால் பின்வரிசைக்குப் படம் தெரியாது. தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைச் சீண்டுவார்கள். பிறகு "கவனிக்கவே மாட்டேங்கிறாங்க" என்று நாம் குறைப்படுவோம். புத்தகத்தை மடியில் வைக்காமல், தோளுக்குப் பக்கத்தில் குழந்தைகளின் கண்மட்டத்தில் பிடியுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் படம் இருட்டாகத் தெரியும். இடம் மாறி உட்காருங்கள்.

மிகப் பரவலான தவறு வேகம். வாசிக்கத் தெரியாத குழந்தையின் கண் எழுத்துப் பக்கம் போவதே அரிது, படத்தில்தான் மேய்கிறது. நாம் வரியை முடித்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம், குழந்தை அப்போதுதான் படத்தின் மூலைக்கு வந்திருக்கும். ஒரு பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: மழை, வாசல், படியில் ஒற்றைச் செருப்பு. எழுத்து "அவள் வெளியே போனாள்" என்று மட்டும் சொல்கிறது. செருப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வரியை வாசித்துவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். நாலாவது எண்ணுக்குள் யாராவது ஒருவர், "இன்னொரு செருப்பு எங்கே?" என்பார். பதில் சொல்லாதீர்கள். "அதானே, எங்கே போயிருக்கும்?" என்று திருப்பிக் கேட்டால் போதும். அன்றைய விளையாட்டு அங்கே தொடங்கிவிட்டது.

இரண்டு வயதை ஒட்டியவர்களுக்குக் கேள்வியைவிடச் சொல் கூட்டுவது பலன் தரும். குழந்தை "நாய்" என்றால் நீங்கள் "ஆமா, நனைஞ்ச நாய்" என்கிறீர்கள்; அது "நனஞ்ச நாய்" என்கிறது. அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட உரையாடல் வாசிப்பு முறையின் சாரமே இதுதான்: கதை சொல்லும் வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் கைக்குப் போக வேண்டும்.

தினம் ஒரு புதுப் புத்தகம் வேண்டாம். ஒரே புத்தகம், ஒரு வாரம். 2011இல் வந்த ஒரு ஆய்வில், ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், அதே புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். விளையாட்டுக்கும் அப்படியே. முதல் நாள் கேட்ட கதையை அன்றே முழுதாக விளையாடுவது அபூர்வம். பெரும்பாலும் மூன்றாம் நாள்தான் கதை தரைக்கு இறங்கி வரும்.

இனி விளையாடும் மூலை. ஆறு பேருக்கு, ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் சதுரமுள்ள நாலைந்து வெற்றுத் துணிகள், பெரிய அட்டைப்பெட்டி இரண்டு, இருபது மரக்கட்டைகள், ஒரு கூடை, காகிதம், பென்சில், கதையை நினைவூட்டும் பொருள் இரண்டே இரண்டு. புத்தகமும் அங்கேயே திறந்து கிடக்கட்டும். எந்தக் குச்சியும் குதிரையாகும், அஞ்சலட்டை ஆகாது என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1933இல் விளையாட்டைப் பற்றிய உரையில் சொன்னார். குச்சியைக் காலிடுக்கில் வைத்து ஓடலாம், அஞ்சலட்டையில் ஏற முடியாது. பார்வைக்கு ஒத்திருக்கிறதா என்பது பிறகு. கைகாலுக்கு அது இடம் கொடுக்கிறதா என்பதே முக்கியம். பொருள் வாங்குகிறவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். பொத்தானை அழுத்தினால் உறுமுகிற பிளாஸ்டிக் புலி இருக்கும் இடத்தில் குழந்தை உறுமுவதில்லை. இரண்டு வயதுக்குக் கீழே மட்டும் நிஜக் கிண்ணம், நிஜக் கரண்டி போலத் தோற்றமுள்ளவை தேவை; கட்டையைத் தொலைபேசியாக்கும் பழக்கம் பிறகுதான் உறுதிப்படும்.

நாயகனுக்கு ஒரே ஒரு கிரீடம் செய்து வைப்பது சண்டைக்கு அழைப்பு. செய்தால் மூன்று செய்யுங்கள், மூன்று ராஜா இருந்தால் கதை ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கழுத்தில் முடிச்சுப் போடும் மேலங்கி வேண்டவே வேண்டாம். தோளில் வெல்க்ரோ வைத்துத் தைத்தால் இழுத்ததும் கழன்றுவிடும். மூன்று வயதுக்குட்பட்டவர்கள் இருந்தால், ஏறத்தாழ 3.2 செ.மீ. விட்டமுள்ள குழலுக்குள் அடங்கும் எதையும் அங்கே விடாதீர்கள். தொண்டையை அடைக்கும்.

நேரம் கொடுங்கள். யார் யானை, வீடு எங்கே என்று பேசி முடிக்கவே பதினைந்து நிமிடம் போய்விடும். இருபது நிமிடத்தில் மணியடித்தால், ஏற்பாடு முடிந்து விளையாட்டு தொடங்கும்போது கலைத்ததாகிவிடும். முக்கால் மணி நேரமாவது வேண்டும். நாம் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். அழைத்தால் சின்ன வேடம் ஏற்கலாம், கடைக்கு வந்த ஆளாக, வழி தெரியாத பயணியாக. "கதையில அப்படி வரலையே" என்று திருத்தினால் மறுநாள் நம்மை அழைக்க மாட்டார்கள்.

பயம் தனியாகச் சொல்ல வேண்டியது. "பூதம்னு ஒண்ணும் இல்லடா" என்பது குழந்தைக்குத் தெரியாத செய்தி அல்ல. உளவியலாளர் பால் ஹாரிஸ் குழுவினரின் 1991ஆம் ஆண்டுச் சோதனையில், பெட்டிக்குள் பூதம் இருப்பதாக நினைத்துப் பார்க்கச் சொல்லப்பட்ட பிள்ளைகள் அது பொய்யென்று சொன்னார்கள். ஆனாலும் சிலர் அந்தப் பெட்டியோடு தனியாக இருக்கத் தயங்கினார்கள். தெரிவது வேறு, பயப்படுவது வேறு. பயந்த குழந்தைக்கு அதிகாரம் கொடுங்கள்: பூதத்தை எங்கே பூட்டுவது, எப்போது வெளியே விடுவது என்று அவனே சொல்லட்டும். பூத வேடத்தைப் பெரியவர் போடக்கூடாது.

கற்பனை விளையாட்டு மூளையை வளர்க்கும், அறிவைப் பெருக்கும் என்றெல்லாம் பெற்றோருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டு குழுவினர் 2013இல் ஆய்வுகளை அலசிப் பார்த்தபோது, அப்படி அறுதியிட்டுச் சொல்லச் சான்று போதவில்லை. குழந்தை தன் கதையைத் தானே நடத்துகிறது என்பதே நேரம் ஒதுக்கப் போதுமான காரணம்.

வாரக் கடைசியில் ஒரு படி மேலே போகலாம். அமெரிக்க ஆசிரியை விவியன் பேலி தம் வகுப்பில் நடத்திக் காட்டிய முறை இது. குழந்தை தன் கதையைச் சொல்லும், பெரியவர் எழுதுவார், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். "யானை பறந்துச்சு. அப்றம் அம்மா வந்தா. அப்றம் பறக்கல." இதை அப்படியே எழுதுங்கள். வாக்கியத்தைச் சீராக்காதீர்கள், முடிவு சேர்க்காதீர்கள். எழுதியதை வாசித்துக்காட்டி, "இப்படித்தானே சொன்னே?" என்று மட்டும் கேளுங்கள். அன்றைக்கே வட்டமாக உட்கார்ந்து நடித்துவிட வேண்டும். நாளைக்கு என்றால் சூடு ஆறிவிடும். எந்த வேடம் தனக்கு என்பதைக் கதை சொன்னவள் தேர்ந்துகொள்வாள். மற்ற வேடங்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி. நடிக்க விருப்பமில்லாதவர் தலையாட்டினால் அடுத்தவருக்குப் போகும்.