பைத்தான் கற்கும் முன் கணினியைக் கவனியுங்கள்

நிரலாக்கம் கற்பிக்கும் பணியில் நான் மீண்டும் மீண்டும் காண்பது இதுதான்: "எனக்கு இது வராது" என்று தொடக்கத்திலேயே ஒதுங்கிவிடும் மாணவர்களில் பலரைத் தடுத்தது பைத்தான் மொழி அன்று, அது அவர்களது கணினியில் நிறுவப்பட்டிருந்த விதம்.

விண்டோஸில் வழக்கமான நிறுவியைத் திறந்ததும், முதல் திரையின் அடியில், கட்டளைகளைக் கணினி தேடும் கோப்புறைகளின் பட்டியலான 'பாத்'தில் பைத்தானைச் சேர்ப்பதற்கான சிறு கட்டம் ஒன்று குறியிடப்படாமல் இருக்கும். அதைக் கவனியாமல் நிறுவியவர் கட்டளைச் சாளரத்தில் பைத்தான் என்று தட்டினால், அப்படியொரு கட்டளையே இல்லை என்ற பதில் வரலாம் அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளலாம். அந்தக் கட்டத்தில் குறியிட்டு மீண்டும் நிறுவினால் போதும். பழைய பாடங்களிடமும் எச்சரிக்கை தேவை. 'பிரின்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லாத பாடம் பைத்தான் 2-க்கானது, அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

மாணவர்களை அதிகம் கலங்கவைப்பது வேறொன்று. பைத்தானின் நிறுவல் கருவியான 'பிப்' வழியாக, பிறர் எழுதிய ஆயத்த நிரல்களின் தொகுப்பு ஒன்றை நிறுவி, வெற்றி என்ற செய்தியையும் கண்ட பிறகு, நிரலை இயக்கினால் அந்தத் தொகுப்பே இல்லை என்று பிழை வரும். ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருப்பதும், தொகுப்பு ஒன்றில் சேர, நிரல் மற்றொன்றில் ஓடுவதுமே பெரும்பாலும் இதற்குக் காரணம். பைத்தானுடனேயே வரும் 'சிஸ்' தொகுதியை இறக்குமதி செய்து, இயங்கும் பைத்தான் இருக்கும் பாதையைக் காட்டும் அதன் 'எக்ஸிகியூட்டபிள்' மதிப்பை முனையத்திலும் (கட்டளைச் சாளரம்) நிரல் எழுதும் எடிட்டரிலும் அச்சிட்டுப் பாருங்கள். இரு பாதைகளும் வேறுபட்டால் சிக்கல் பிடிபட்டுவிடும். விஎஸ் கோட் எடிட்டரில் எந்தப் பைத்தான் இயங்க வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

ஒவ்வொரு திட்டத்திற்கும் தனி மெய்நிகர் சூழல், அதாவது அதன் தொகுப்புகளை மற்றவற்றோடு கலக்காமல் வைக்கும் தனி இடம், அமைப்பதை முதல் நாளிலேயே பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பைத்தான் 3.3 முதல் அதற்கான 'வென்வ்' கருவி மொழியுடனேயே வருகிறது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் பயனர்கள் மட்டும் அதைத் தனியாக நிறுவ நேரலாம். லினக்ஸில் இயங்குதளத்தின் கருவிகள் பலவும் பைத்தானை நம்பியிருப்பதால், இயங்குதளத்துடன் வந்த அந்தப் பைத்தானை நீக்கவோ மாற்றவோ ஒருபோதும் முயலாதீர்கள்.

பயிற்சிக் கோப்புக்கு 'ரேண்டம்' போன்ற நூலகப் பெயர்களையும் சூட்டாதீர்கள்; பைத்தான் முதலில் நிரல் இருக்கும் கோப்புறையில்தான் தேடும் என்பதால், உண்மையான நூலகத்துக்குப் பதில் உங்கள் கோப்பே ஏற்றப்படும். தொகுப்பின் பெயரைத் தட்டும்போது எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். 'பிப்' தொகுப்புகளை எடுக்கும் பைபிஐ களஞ்சியத்தில் எவரும் தொகுப்பைப் பதிவேற்றலாம். புகழ்பெற்ற பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய தீங்கு நிரல்கள் அங்கே பலமுறை கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டிருக்கின்றன.