ஜாமீன் கையெழுத்துப் போடும் முன்

போன வாரமும் ஒருவர் வந்தார். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருக்கும் அரசு ஊழியர். மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்டிருந்தார். நல்ல சம்பளம், பெயரில் சொந்தக் கடன் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவருடைய கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஒரு லாரிக் கடன், பல மாதத் தவணை பாக்கியோடு நிற்கிறது. தங்கை கணவர் வாங்கியது. "அது மாப்பிள்ளை லோன் சார். நான் சும்மா ஜாமீன் கையெழுத்துதானே போட்டேன்?" என்றார்.

வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கோபமும் வருகிறது.

முதலில் லாரியை ஜப்தி செய்வார்கள், பிறகு கடன் வாங்கியவர் வீட்டை விற்பார்கள், அப்போதும் போதாவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள் என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வரிசை சட்டத்தில் கிடையாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அதே அளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. பாதி அல்ல, மிச்சம் மீதி அல்ல. அசல், வட்டி, அபராதம், வழக்குச் செலவு வரை அத்தனையும். கடன் வாங்கியவரை முதலில் பிடித்துவிட்டு வா என்று வங்கியைத் திருப்பி அனுப்ப முடியாது என்பதை 1960-களின் இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "அவனுக்கு ஊரில் நிலம் இருக்கிறது, அங்கே போங்கள்" என்று எங்களிடம் சொல்லிப் பயனில்லை.

நடைமுறையைச் சொல்கிறேன். கடன் வாங்கியவர் போன் ஸ்விட்ச் ஆஃப். ஜாமீன் போட்டவரோ தினமும் பத்து மணிக்கு அலுவலகத்தில் இருப்பார், மாதாமாதம் சம்பளம் வரும். யாரை முதலில் கூப்பிடுவோம்? வாங்குபவர் மேல் முழு நம்பிக்கை இருந்தால் வங்கி உங்களைக் கேட்டே இருக்காது. சீட்டு எடுப்பவருக்காகச் சம்பளச் சான்றிதழ் கொடுத்துக் கையெழுத்திடும் ஆசிரியர்களுக்கும் இதேதான்.

கையெழுத்திடும் காட்சியைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் டிக் அடித்து வைத்திருப்பார்கள். ஜாமீன்தாரர் டிக்கைத் தேடித் தேடிக் கையெழுத்துப் போடுவார். கடன் தொகை எழுத வேண்டிய இடம் காலியாகவே இருக்கும். பக்கத்தில் நிற்கும் உறவினர், "டீ ஆறிடும், சீக்கிரம் போடுங்க மச்சான்" என்பார். கடன் கெடுவை நீட்டிக்க, தவணையை மாற்றியமைக்க முன்கூட்டியே சம்மதம் என்று அந்தத் தாள்களில் பல நேரம் எழுதியிருக்கும். தயவுசெய்து படியுங்கள். தொகை நிரப்பாத தாளில் கையெழுத்திடாதீர்கள். அதோடு நிரப்பாத காசோலை ஒன்றும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

போடத்தான் வேண்டும் என்றால் வீட்டில் சொல்லிவிட்டுப் போடுங்கள். கணவர் ஜாமீன் போட்டது நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியும் என்று அழுத பெண்கள் உண்டு. கடன் அனுமதிக் கடிதத்துக்கும் ஜாமீன் பத்திரத்துக்கும் நகல் வாங்குங்கள். வங்கியில் உங்கள் செல்போன் எண்ணைக் கொடுங்கள், உறவினரின் எண்ணை அல்ல. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எடுத்துப் பாருங்கள்.

தவணை தவறிய முதல் மாதமே கிளைக்கு வாருங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அதற்குப் பிறகு வந்து "எனக்குத் தெரியாது" என்றால் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. பாதியில் விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் வங்கி சம்மதிக்காமல் விடுபட முடியாது.

கட்ட வேண்டி வந்துவிட்டதா? உறவினர் கையில் பணத்தைக் கொடுக்காதீர்கள். கடன் கணக்கில் நேரே கட்டி, உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். கட்டிய பணத்தை அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 145-இல் இருக்கிறது. முழுக் கடனையும் நீங்களே அடைத்தால் வங்கியின் உரிமைகள் பிரிவு 140-இன்படி உங்களுக்கு வரும், அந்த லாரி மேல் உள்ள உரிமையும் சேர்த்து. தங்கை வாழ்க்கை என்று பலரும் இதைக் கேட்பதேயில்லை. வழக்குப் போடாவிட்டாலும் ரசீதையாவது பத்திரமாக வையுங்கள். கடன் முடிந்ததும் நிலுவை இல்லாச் சான்று வாங்கி, சிபிலில் கணக்கு மூடப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள்.