தலை சீவப்பட்ட அலைகள்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: “மெட்டாலிகா ராக் குழுவின் 1983 ஆல்பத்தை எத்தனை முறை கேட்டாலும் சலிக்கவில்லை. அவர்களே 2008இல் வெளியிட்ட ‘டெத் மேக்னெடிக்’ பாதியிலேயே காதை அயர வைக்கிறது. பழசுதான் உசத்தி என்கிற கிழட்டுப் புத்தி எனக்கும் வந்துவிட்டதா?”

பழகிய பாட்டு இனிக்கும் என்பது உண்மைதான். ஆனால் 1983இல் இவர் பிறக்கவே இல்லை. ஆகவே இயற்பியலிடம் போவோம்.

அலையின் உயரம்தான் சத்தம் என்பது பள்ளிப் பாடம். ஆம்ப்ளிஃபயரின் சக்திக்கு மேல் ஏற்றினால் அலையின் உச்சி தட்டையாகச் சீவப்படும். மூல ஒலியில் இல்லாத அதிர்வெண்கள் முளைக்கும். ராக் கிதாரின் உறுமல் இந்த வெட்டில் பிறந்ததுதான்.

இனி எனக்குப் பிடித்த கணக்கு. ராக் கிதாரில் பெரும்பாலும் ‘ச’வையும் ‘ப’வையும் சேர்த்தே மீட்டுவார்கள். விகிதம் 2:3. 200, 300 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு விழும்போது, ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்த ஒலிகள் பிறக்கின்றன: 400இல் 300 போனால் 100, 600இல் 200 போனால் 400. மும்மடங்குகளான 600, 900 வேறு. எல்லாமே 100இன் மடங்குகள்! யாரும் மீட்டாத கீழ் ஸ்தாயி ‘ச’, அந்த 100 ஹெர்ட்ஸ், தானாக வந்து அடியில் நிற்கிறது. இரண்டு கம்பிக்கு அவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே பதில்.

அதே வெட்டு முழுப் பாட்டின் மேல் விழுந்தால்? குரலுக்கும் சிம்பலுக்கும் எந்த விகிதப் பொருத்தமும் இல்லை. 500உம் 730உம் சேர்ந்தால் 270, 960 என்று எதோடும் ஒட்டாத ஒலிகள் கிளம்பும். டிரம்மில் குச்சி பட்ட முதல் சில மில்லி விநாடிகள்தான் உச்சி. முதலில் பலியாவதும் அதுதான். ஊர்க் கொடையில் நையாண்டி மேளத்தைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, தெருமுனைக் குழாய் ஸ்பீக்கரில் கேளுங்கள். தவிலின் ‘சுளீர்’ காணாமல் போயிருக்கும்.

1983இல் வெட்டு கிதாரோடு நின்றது. 2008இல் பாட்டு முழுவதையும் சத்தமாக்க உச்சிகளை நசுக்கியதால், மொத்தப் பாட்டின் மேலும் விழுந்தது. சாட்சி உண்டு: அதே பாடல்கள் ‘கிதார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டில் இவ்வளவு நசுக்கப்படாமல் வெளிவந்தன. அதைக் கேட்ட ரசிகர்கள், ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி மனுப் போட்டார்கள்.

ஏன் நசுக்குகிறார்கள்? சத்தம் கூடக் கூட, தாழ்ந்த சுரங்கள் காதுக்கு எடுப்பாகின்றன. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டியது இது. பக்கத்துப் பாட்டைவிடச் சத்தமாக இருப்பது முதல் நிமிடத்தில் ஜெயிக்கும்.

உடனே பழைய வினைல் இசைத்தட்டில் தெய்வீகம் இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். மிகச் சன்னமான ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் வீச்சை சிடி தாங்கும். வினைலால் அவ்வளவு முடியாது. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கும் தடித்த ஸ்பீக்கர் கேபிளும் அசல் மூடநம்பிக்கைதான்.

சந்தேகமிருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டு ஆல்பத்தையும் திறந்து அலையைப் பாருங்கள். கேட்டு ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். 1983 ஆல்பம் எந்த ஆண்டுப் பதிப்பு என்றும் கவனியுங்கள். மறுபதிப்பு என்ற பெயரில் பழைய ஆல்பங்கள் பலவற்றையும் பின்னாளில் சீவியிருக்கிறார்கள்.